ஆக்‌ஷன் கேமராவில் நேர்கோடு ஏன் வளைகிறது? நெல்லைப் பக்கம் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பைக் ஓட்டுகிறவர்கள், கோயில் கொடைக்கு வீடியோ எடுக்கிறவர்கள், குளிக்கப் போன இடத்தில் கேமராவைத் தண்ணீருக்குள் முக்கிப் பார்க்கிறவர்கள் என்று நம்ம பக்கம் ஆக்‌ஷன் கேமரா வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கோப்ரோ, டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன், இன்ஸ்டா360 என எதை வைத்திருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். மோடுகளின் பெயர்தான் மாறும். கோப்ரோக்காரர்கள் வைத்த பெயர்கள் பலருக்கும் பழகிவிட்டதால் இங்கே அவற்றையே எழுதியிருக்கிறேன்.

உவரிக் கடற்கரையில் எடுத்தேன். கடல் அப்படியே வளைந்து தெரிகிறது. பூமி உருண்டை என்பதாலா?

இல்லை. கரையில் நிற்கிற ஆளின் கண் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. அந்த உயரத்தில் பூமியின் வளைவு கண்ணுக்கும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. நீங்கள் பார்ப்பது முழுக்க லென்ஸின் வேலை.

சந்தேகம் இருந்தால் அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். கேமராவைக் கொஞ்சம் கீழே சாயுங்கள். தொடுவானம் படத்தின் மேல்பகுதிக்குப் போகும். இரண்டு முனையும் கீழே இறங்கி, நடு மேடாகும். இப்போது கேமராவை மேலே தூக்குங்கள். தொடுவானம் படத்தின் கீழ்ப்பகுதிக்கு வந்ததும் அதே கடல் நடுவில் குழிந்து, முனைகள் மேலே ஏறும். பூமி குழியாக இருக்க வாய்ப்பில்லையே! தொடுவானத்தைச் சரியாகப் படத்தின் நடுவில் வைத்தால் வளைவே காணாமல் போகும்.

இதில் ஒரு விதி இருக்கிறது. படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகும் கோடு, அது கிடையாக இருந்தாலும் சரி, சாய்ந்திருந்தாலும் சரி, வளையாது. நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு வளையும். இதற்குப் பேரல் டிஸ்டார்ஷன் என்று பெயர். கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒரு விதியிலிருந்தே வருகின்றன.

அப்படியானால் லென்ஸில் கோளாறா? நல்ல கம்பெனி என்று நம்பி வாங்கினேனே?

கோளாறு இல்லை. வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறார்கள்.

நேர்கோட்டை நேராகவே காட்டும் லென்ஸ் ஒரு கணக்குப்படி வேலை செய்கிறது. ஒரு பொருள் லென்ஸின் அச்சிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ, அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்புக்கு ஏற்ற தூரத்தில் அது சென்சாரில் விழ வேண்டும். பள்ளிக்கூடத்து டேன் அட்டவணை ஞாபகம் இருக்கிறதா? 45 டிகிரிக்கு 1. 60 டிகிரிக்கு 1.73. 75 டிகிரிக்கு 3.73. 90 டிகிரிக்கு முடிவே இல்லை. அதாவது, கோணம் விரிய விரிய ஓரத்துப் பொருள்கள் தாறுமாறாகத் தூரத்தில் போய் விழும். சுண்டுவிரல் நகம் அளவுள்ள சென்சாரில் அதற்கு இடம் கிடையாது. எவ்வளவு பெரிய சென்சார் வைத்தாலும் 180 டிகிரியை இந்த முறையில் தட்டையான படமாக்கவே முடியாது.

அதனால் ஆக்‌ஷன் கேமரா லென்ஸ் வேறு கணக்கை எடுத்துக்கொள்கிறது. கோணம் எவ்வளவோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் தூரம். 60 டிகிரி என்பது 30 டிகிரியைப் போல இரண்டு மடங்கு தூரம், அவ்வளவுதான். ஓரம் அடக்கமாகப் படத்துக்குள் வந்துவிடும். பதிலுக்கு நேர்கோடுகள் வளையும். சாத்துக்குடித் தோலை உரித்துத் தரையில் தட்டையாக அமுக்கிப் பாருங்கள். எங்காவது கிழியும், அல்லது எங்காவது நசுங்கும். நம்மைச் சுற்றியுள்ள காட்சியைச் சதுரப் படமாக்கும்போதும் இதே கதைதான். கோட்டைக் காப்பாற்றினால் முகம் இழுபடும், முகத்தைக் காப்பாற்றினால் கோடு வளையும். இரண்டையும் காப்பாற்றும் லென்ஸை எந்தக் கம்பெனியாலும் செய்ய முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

லீனியர் மோடு போட்டால் தீர்ந்ததல்லவா?

கோடு பிரச்சினை தீரும். வேறு பிரச்சினை வரும்.

2016-இல் வந்த கோப்ரோ ஹீரோ 5-இல் இருந்து இந்த மோடு இருக்கிறது. வளைந்த படத்தைக் கேமராவுக்குள் இருக்கும் சிப் கணக்குப் போட்டு இழுத்து நேராக்குகிறது. அப்படி இழுக்கும்போது மூலைகள் அதிகமாக நீளும் என்பதால் அவற்றை வெட்டிவிடுகிறது. 16:9 வீடியோவில் வைடு மோடு பக்கவாட்டில் சுமார் 118 டிகிரி காட்டும் என்றால், லீனியர் 85 டிகிரியை ஒட்டித்தான் காட்டும்.

அந்த 85 டிகிரியிலும் ஓரத்தில் நிற்கிற ஆளைக் கவனியுங்கள். கணக்குப்படி அவர் முகம் உயரத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாக இருக்கும். 118 டிகிரியையும் வெட்டாமல் நேராக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கல்யாண வீட்டில் குரூப் வீடியோ எடுத்துக் கொடுத்தால் ஓரத்தில் நின்ற சித்தி உங்களிடம் பேச மாட்டார். வளைந்த வைடு மோடில் அதே சித்தி இயல்பாக, சொல்லப்போனால் கொஞ்சம் ஒல்லியாகவே தெரிவார். பின்னால் இருக்கும் சுவர்தான் வளையும். சுவர் கோபித்துக்கொள்ளாது.

இன்னொன்று: இழுத்த இடத்தில் புதிதாக விவரம் எதுவும் முளைக்காது. ஓரங்கள் நடுவைவிட மங்கலாகத்தான் இருக்கும். சாயங்கால வெளிச்சத்தில் இது நன்றாகத் தெரியும்.

கொடைக்கு வில்லுப்பாட்டு எடுக்கிறோம். மேடை சின்னது, பின்னால் போக இடமில்லை. கேமராவை எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். பந்தலுக்குள் கூட்டம், ஒரு பக்கம் ஸ்பீக்கர் பெட்டி, இன்னொரு பக்கம் டியூப்லைட் கட்டிய கம்பு. இது அநேகமாக எல்லா ஊரிலும் உள்ள நிலவரம்.

முதலில் தூரம். பாடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் அகலம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வைடு மோடில் 2 மீட்டருக்குள் நின்றாலே முழு அகலமும் அடங்கிவிடும். லீனியரில் மூன்றேகால் மீட்டராவது பின்னால் போக வேண்டும். அந்த இடம் இருந்தால் லீனியர் போடுங்கள். இல்லையென்றால் வைடுதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது உயரம். வில்லில் நாண் மேலே இருக்கிறது. வளைந்த மரம் கீழே குடத்தோடு சேர்ந்திருக்கிறது. இழுத்துக் கட்டிய நாண்தான் அந்தக் காட்சியிலேயே நேரான கோடு. வழக்கமாக என்ன செய்கிறோம்? ஆள் உயர ஸ்டாண்டில் கேமராவை ஏற்றி, புலவரின் முகத்தைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவருகிறோம். நாண் படத்தின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடுகிறது. முனைகள் மேலே ஏறி நாணும் குழிந்து தெரிகிறது. கீழே உள்ள மரமும் வளைவு, மேலே உள்ள நாணும் வளைவு. வீசுகோல் விழும்போது நாண் தொய்ந்து கிடப்பதுபோல ஒரு தோற்றம். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது உடனே உறுத்தும்.

சின்ன ட்ரைபாடில், நாண் இருக்கும் உயரத்துக்கே கேமராவை இறக்குங்கள். மேலேயும் கீழேயும் சாய்க்காமல் நேராக வையுங்கள். நாண் படத்தின் குறுக்கே சரியாக நடுவில் ஓட வேண்டும். அப்புறம் எவ்வளவு வைடாக இருந்தாலும் அது நேராகவே இருக்கும். புலவரின் முகம் நடுக்கோட்டுக்கு மேலே, இடவலமாக மையத்திலேயே இருப்பதால் அதுவும் கெடாது. கீழே விரித்த ஜமுக்காளம் பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளுமே என்றால், 4கே-யில் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் கீழ்ப்பகுதியை வெட்டிவிடலாம். கடைசியில் 1080-க்குத்தான் கொடுக்கப் போகிறோம், வெட்டுவதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

குடம் அடிப்பவரும் பக்கப்பாட்டுக்காரர்களும் ஓரத்தில் இருப்பார்கள். அவர்கள் முகத்தை லீனியர் அகலமாக்கும், வைடு ஆக்காது. எனக்குக் கேட்டால், கொடை வீடியோவுக்கு வைடு, நாண் உயரம், அப்புறம் வெட்டு. பந்தல் கம்பு கொஞ்சம் வளைந்தால் வளையட்டும்.

ஆனித் தேரோட்டம் எடுத்தேன். தேர் தொந்தி வைத்தது போலவும், மேலே போகப் போகக் குறுகியும் தெரிகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

இரண்டு வேறு வேறு. தொந்தி லென்ஸால் வருவது. மேலே குறுகுவது, நீங்கள் ரதவீதியில் நின்றுகொண்டு கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வருவது. எந்த லென்ஸிலும், போனிலும்கூட வரும். லீனியர் மோடு முதலாவதைச் சரிசெய்யும், இரண்டாவதைத் தொடாது.

யாராவது தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தால், தேரின் பாதி உயரத்திலிருந்து கேமராவைச் சாய்க்காமல் எடுங்கள். குறுகல் போய்விடும். ரீல்ஸுக்காகக் கேமராவை நட்டமாகத் திருப்பியிருந்தால் தேர் படத்தின் நடுக்கோட்டிலேயே வரும்படி பாருங்கள், தொந்தியும் குறையும். வடம் பிடிக்கிற கூட்டத்துக்குள் இருந்து எடுக்கிறீர்கள் என்றால் நேர்கோட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அங்கே வைடு மோடு தருகிற நெருக்கம்தான் அழகு. கேமராவையும் காலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையை நீட்டி செல்ஃபி எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடுகிறது. லீனியரில் சரியாகுமா?

ஆகாது. இது தூரத்தால் வருவது. முகத்துக்கு 30 செ.மீ. தூரத்தில் கேமரா இருந்தால் மூக்கு காதைவிட மிக அருகில் இருக்கிறது, அதனால் பெரிதாகத் தெரிகிறது. குச்சியை நீட்டுங்கள்.

சூப்பர்வியூ, ஹைப்பர்வியூ என்று வேறு இருக்கிறதே?

2013-இல் ஹீரோ 3 பிளஸ்ஸில் சூப்பர்வியூ வந்தது. சென்சாரின் உயரமான 4:3 படத்தை எடுத்து, நடுப்பகுதியை அதிகம் தொடாமல் ஓரங்களை மட்டும் பக்கவாட்டில் இழுத்து 16:9 ஆக்குவார்கள். 2022-இல் ஹீரோ 11-இல் வந்த ஹைப்பர்வியூ இதையே 8:7 என்ற இன்னும் உயரமான படத்தை வைத்துச் செய்கிறது.

பைக் ஹேண்டிலும் வானமும் ஒரே படத்தில் வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்கும். ஓரத்தில் மரங்கள் பறக்கும், அறுபதில் போனால் நூறில் போகிற மாதிரி இருக்கும். மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு வண்டியிலேயே கட்டி எடுத்தால் பிரமாதமாக வரும். ஆனால் இப்படி இழுத்த படத்தைப் பிற்பாடு நேராக்குவது தலைவலி, ஏனென்றால் வளைவு வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் ஒரு மாதிரியும் மேல்கீழாக வேறு மாதிரியும் இருக்கும். ஆள் நிற்கிற, கட்டிடம் நிற்கிற எதற்கும் இதைப் போடாதீர்கள்.

பாபநாசம் போகும் வழியில் பொதிகை மலை நேரில் மலைப்பாக இருக்கிறது. வீடியோவில் குன்று மாதிரி இருக்கிறதே?

118 டிகிரிக்குள் எல்லாவற்றையும் அடக்கினால் மலைக்குக் கிடைப்பது ஒரு துண்டுதான். லீனியரோ, கோணம் இன்னும் குறுகிய நாரோ மோடோ போடுங்கள். இன்னும் நல்லது, மலைக்கு மட்டும் போனை எடுங்கள். எல்லாவற்றையும் ஆக்‌ஷன் கேமராவில்தான் எடுப்பேன் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

பணகுடிப் பக்கம் பஸ் ஜன்னலில் இருந்து காற்றாலை எடுத்தேன். கரண்டுக் கம்பமெல்லாம் சாய்ந்து தெரிகிறது. இதுவும் லென்ஸா அண்ணாச்சி?

இது லென்ஸ் இல்லை. இந்தக் கேமராக்களின் சென்சார் படத்தை ஒரே நொடியில் மொத்தமாக எடுப்பதில்லை. மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரி வரை வரிசையாகப் படிக்கிறது. கம்பத்தின் தலையைப் படித்து அடிக்கு வருவதற்குள் பஸ் நகர்ந்துவிடுகிறது. அதனால் கம்பத்தின் அடி முந்திக்கொள்ள, தலை பின்தங்கும். இதற்கு ரோலிங் ஷட்டர் என்று பெயர். ரோட்டோரக் கம்பம் நன்றாகச் சாயும், தூரத்துக் காற்றாலைத் தூண் அவ்வளவாகச் சாயாது, ஏனென்றால் அது படத்தில் மெதுவாகத்தான் நகர்கிறது.

எது எதனால் என்று பிரித்தறிய எளிய வழி: பஸ் நின்றதும் சாய்வு போய்விட்டால் ரோலிங் ஷட்டர். நின்ற பிறகும் ஓரத்துத் தூண் வளைந்தே இருந்தால் லென்ஸ்.

கிணற்றுக்குள் குதித்து எடுத்த வீடியோவில் வளைவே இல்லை. ஆனால் பாதிக் காட்சியைக் காணோம். ஏன்?

நல்ல கவனிப்பு. கேமராவின் முன்னால் உள்ள கண்ணாடி தட்டையானது. தண்ணீரிலிருந்து காற்றுக்குள் வரும்போது ஒளி விலகுகிறது (தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33). அதனால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கோணமும் சுருங்கும். வெளியே 118 டிகிரி பார்த்த கேமரா தண்ணீருக்குள் 80 டிகிரிதான் பார்க்கும். எப்பேர்ப்பட்ட லென்ஸாக இருந்தாலும் தட்டைக் கண்ணாடி வழியாக 97 டிகிரியைத் தாண்டவே முடியாது.

வளைவு ஏன் போனது? தட்டைக் கண்ணாடி ஓரங்களை நடுவைவிட அதிகமாக இழுக்கிறது. லென்ஸின் வளைவுக்கு நேர் எதிரான இது பின்குஷன் எனப்படும். ஒன்றை ஒன்று பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே தண்ணீருக்குள் வைடு மோடே போதும். லீனியர் போட்டால் ஏற்கெனவே நேரானதை மேலும் இழுத்து, கிணற்றின் படிக்கட்டு உள்பக்கமாக வளைவதைப் பார்ப்பீர்கள். முழுக் கோணமும் வேண்டுமென்றால் அரைக்கோளக் கண்ணாடி வைத்த டோம் வாங்க வேண்டும். அப்போது வளைவும் கூடவே திரும்பி வரும்.

ஃபிஷ்ஐ, அதாவது மீன்கண் எனப்படும் இந்த வகை லென்ஸின் கதை தொடங்கியதே தண்ணீருக்குள்தான். மீன் மேலே பார்த்தால் கரையும் வானமும் எப்படித் தெரியும் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-இல் ஆராய்ந்து எழுதினார். வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே 97 டிகிரி வட்டத்துக்குள் ஒடுங்கித் தெரியும். கிணற்றுக்குள் மல்லாந்து மூழ்கிப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆட்டம் குறைக்கும் மோடை ஆன் செய்தால் ஓரங்கள் மட்டும் ஜெல்லி மாதிரி அலைகின்றனவே?

வளைந்த படத்தைத் தட்டையான காகிதம் போல இடவலமாக நகர்த்தி ஆட்டத்தைக் குறைத்தால் நடு நிற்கும், ஓரம் அலையும். கேமராவுக்குள்ளேயே இருக்கும் ஹைப்பர்ஸ்மூத் போன்றவற்றுக்கு லென்ஸின் வளைவு தெரியும் என்பதால் அவை ஓரளவு சமாளிக்கும். போனில் ஏதோ ஒரு ஆப்பில் போட்டுச் செய்தால்தான் இந்த ஜெல்லி. கணினி இருந்தால் கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். கேமரா பதிந்து வைத்த கைரோ தகவலையும் (கேமரா எப்படி அசைந்தது என்ற பதிவு) லென்ஸின் அளவையும் சேர்த்துக் கணக்கிடும். அதற்காக எடுக்கும்போது கேமராவின் சொந்த ஸ்டெபிலைசேஷனை ஆஃப் செய்துவிடுங்கள்.

எடுத்து முடித்துவிட்டேன். இப்போது நேராக்க முடியுமா?

முடியும். பிரீமியர் ப்ரோவில் லென்ஸ் டிஸ்டார்ஷன் எஃபெக்டின் கர்வேச்சர் எண்ணை மாற்றிப் பாருங்கள். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் கேடென்லைவில் டிஃபிஷ் எஃபெக்ட் இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் தெரிந்தவர்களுக்கு அதிலும் ஒரு ஃபில்டர் உண்டு. ஜன்னல் கம்பியோ டைல்ஸ் கோடோ ஓரத்தில் வருகிற ஒரு ஃபிரேமில் நிறுத்தி, அது நேராகும் வரை எண்ணை நகர்த்துங்கள். முழுக்க நேராக்க வேண்டும் என்றில்லை. பாதி வழியில் நிறுத்தினால் சுவரும் முகமும் இரண்டும் பார்க்கும்படி இருக்கும். நான் பெரும்பாலும் அப்படித்தான் விடுவேன்.

லீனியரில் எடுத்ததை மறுபடி நேராக்காதீர்கள். எதிர்ப்பக்கம் வளையும்.

துல்லியமாக அளந்து நேராக்க வேண்டும். கல்லூரி ப்ராஜெக்ட்.

சதுரங்கப் பலகைக் கட்டங்களை அச்சடித்து, கேமராவின் முன் பல கோணத்தில் காட்டிப் படம் எடுப்பதுதான் வழி. ஆராய்ச்சியாளர் செங்யூ ஜாங் 2000-இல் வெளியிட்ட முறை இது. ஓபன்சிவி என்ற மென்பொருள் நூலகத்தில் தயாராக இருக்கிறது. அதில் சாதாரண லென்ஸுக்கு ஒரு பகுதி, ஃபிஷ்ஐக்குத் தனிப் பகுதி. நீங்கள் இரண்டாவதை எடுங்கள். வளைவை நான்கு எண்களில் சொல்லிவிடும்.

கட்டத்தைப் பிளெக்ஸில் அடிக்காதீர்கள், தொய்யும். கடையில் சன்போர்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பலகை கொஞ்சம் வளைந்திருந்தாலும் அந்த வளைவையும் லென்ஸின் கணக்கிலேயே சேர்த்துவிடும். பத்துப் படத்துக்கு மேல் எடுங்கள், படத்தின் மூலைகளிலும் கட்டங்கள் வர வேண்டும். எல்லாவற்றையும் நடுவிலேயே காட்டிவிட்டு ஓரம் சரியில்லை என்பவர்கள்தான் அதிகம். ஸ்டெபிலைசேஷனை ஆஃப் செய்யுங்கள். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் படத்தை நகர்த்தும். வைடுக்கு ஒன்று, 4:3-க்கு ஒன்று என ஒவ்வொரு மோடுக்கும் தனியாக அளக்க வேண்டும்.

பெட்டியில் 170 டிகிரி என்று போட்டிருக்கிறது. பக்கவாட்டில் அவ்வளவு தெரியவில்லையே?

பெட்டியில் போடுவது பெரும்பாலும் மூலைக்கு மூலை கோணம். ஹீரோ 5-இன் 4:3 வைடு மோடை எடுத்துக்கொண்டால் மூலைக்கு மூலை 149 டிகிரி, பக்கவாட்டில் 123, மேல்கீழ் 94. வாங்கும்போது பக்கவாட்டுக் கோணத்தைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், கேமராவை வாங்கிக் கடை ஷட்டரைப் பார்த்துப் பிடியுங்கள். ஷட்டரின் கோடுகள் ஓரத்தில் எவ்வளவு வளைகின்றன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

லென்ஸையே மாற்ற முடியாதா?

சில மாடல்களில் முடியும். எம்12 என்ற சின்னத் திருகு லென்ஸ்கள் கிடைக்கின்றன. வளைவு குறைந்த, கோணம் குறுகிய லென்ஸைத் திருகலாம். ஆனால் உள்ளே இருக்கும் லென்ஸைக் கழற்றுவதற்கு உடலைத் திறக்க வேண்டும், ஃபோகஸை நீங்களே திருகிப் பிடித்துப் பசை போட வேண்டும், தண்ணீர் புகாத தன்மை போய்விடும். வாரண்டியும் போகும். குற்றாலத்துக்கோ மணிமுத்தாறு அருவிக்கோ கேமராவைக் கொண்டுபோகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கிற பழைய கேமராவில் வேண்டுமானால் செய்து பார்க்கலாம்.